யாரோடயும் சேர மாட்டான்!

நம் ஊரில் ஒரு பையனுக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்ச நற்சான்றிதழ் எது தெரியுமா? ஐ.ஐ.டி. பட்டம் இல்லை. 'அவன் யாரோடயும் சேர மாட்டான் சார். தான் உண்டு, தன் வேலை உண்டுன்னு இருப்பான்' என்று அவனைப் பெற்றவள் சொல்வதுதான். பெண் பார்க்கப் போன இடத்தில் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் போதும், மற்ற குறைகள் எல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும்.

போன மாதம் நண்பர் ஒருவரின் வீட்டில் இதே வரியைக் கேட்டேன். அவருடைய மகன் மூன்று வருடம் இங்கிலாந்தில் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். ஒரு வருடம் எம்.எஸ்ஸி., டேட்டா சயின்ஸ். அதன் பிறகு, 2021இல் பிரிட்டன் கொண்டுவந்த 'கிராஜுவேட்' விசாவில் இரண்டு வருடம். வங்கிக் கடன், அம்மாவின் நகை, அப்பாவின் பி.எஃப். எல்லாமாகச் சேர்த்து 32 லட்சம் ஆனது என்று நண்பர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். கடைசி இரண்டு வருடம் பையன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான் என்பதை அவர் எண்ணவில்லை. அதை நானும் கிளறவில்லை.

'இவ்ளோ வருஷம் இருந்தானே, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. யாரோடயும் சேர மாட்டான்' என்றார் அவருடைய மனைவி, தட்டில் இரண்டாவது தோசையைப் போட்டபடி.

பையன் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கம் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.

நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்: 'ஏம்ப்பா, மூணு வருஷத்துல ஒரு வெள்ளைக்காரன் வீட்டுக்குள்ள போயிருக்கியா?'

'போயிருக்கேன் அங்கிள். வேலைக்கு.'

படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது மாணவர் விசாவின் விதி. அந்த 20 மணி நேரத்தை அவன் முதியோர் பராமரிப்பில் செலவிட்டிருக்கிறான். தனியாக வாழும் கிழவர்களின் வீட்டுக்குப் போய்க் காலை உணவு எடுத்துக் கொடுப்பது, மாத்திரை சாப்பிட்டாரா என்று பார்ப்பது, குளிக்க உதவுவது. ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம். செல்ஃபோனில் உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் இரண்டையும் பதிய வேண்டும். அப்படிப் போன வீடுகளில் ஒன்று டெர்பி பக்கம், மனைவியை இழந்த ஒரு தாத்தாவின் வீடு. தாத்தாவுக்குக் கிரிக்கெட் பைத்தியம். முதல் நாளே 'எந்த ஊர்?' என்று கேட்டிருக்கிறார். சென்னை என்றதும், 'ஓ, வெங்கட் ஊர்!' என்றாராம்.

எஸ். வெங்கட்ராகவன் 1973 முதல் 75 வரை டெர்பிஷையர் அணிக்கு ஆடினார். தாத்தா மைதானத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். நம் பையனுக்கு வெங்கட் யார் என்றே தெரியவில்லை. அன்று ராத்திரி கூகுளில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டான். ஆக, நம்ம ஊர் ஆஃப் ஸ்பின்னரை நம்ம ஊர்ப் பையனுக்கு அறிமுகப்படுத்த ஒரு ஆங்கிலேயக் கிழவர் தேவைப்பட்டிருக்கிறார்.

மூன்று வருடத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே இங்கிலாந்துச் சிநேகம் அந்தத் தாத்தாதான். அதுவும் கூலிக்கு, அரை மணி நேரக் கணக்கில்.

இதைத்தான் அந்த அம்மா 'யாரோடயும் சேர மாட்டான்' என்று மெச்சிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோசை நன்றாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன். வீட்டில் அடக்கியதை இங்கே எழுதுகிறேன்.

32 லட்சம் எதற்காகக் கட்டினோம்? பாடத்துக்காக மட்டுமா? டேட்டா சயின்ஸ் பாடம் முழுவதும் இன்டர்நெட்டில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது. கிண்டியில் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம். இன்னொரு ஊருக்கு அனுப்புவதன் அர்த்தமே இன்னொரு மாதிரி மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வருவதில்தான் இருக்கிறது. கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் அதற்குத்தான். அந்தப் பாதியை வாங்காமல் வந்தவனைப் பார்த்து 'சமத்து' என்கிறோம். ஓட்டலில் முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்கிவிட்டு அப்பளத்தை மட்டும் தின்றுவிட்டு வந்தால் அதற்குப் பெயர் சமத்தா?

இதில் முதல் குற்றவாளி யார் என்று பையனிடமே கேட்டேன். அவன் அம்மா சமையலறைக்குள் போன சமயம் பார்த்து மெதுவாகச் சொன்னான்: 'பத்தரை மணி ஃபோன் அங்கிள்.'

புரியவில்லை. விளக்கினான். இங்கே சீரியல் எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவி, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அம்மா வீடியோ காலில் வருவது இரவு 10.30 மணிக்கு. குளிர்காலத்தில் இங்கிலாந்தில் அப்போது சாயங்காலம் சரியாக 5 மணி. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் அங்கே இருட்டிவிடும். வகுப்பும் லேபும் முடிந்து எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு, 'அப்புறம் என்ன, எங்கே போகலாம்?' என்று வாசலில் கூடும் நேரம் அது. முதல் வாரம் இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். 'நீங்க போங்க, எனக்கு ஒரு கால் வரும்' என்றிருக்கிறான். இரண்டாவது வாரமும் கூப்பிட்டார்கள். அதே பதில். மூன்றாவது வாரம் கூப்பிடவில்லை. ஆங்கிலேயனுக்கு ஒரு குணம். இரண்டு முறைக்கு மேல் வற்புறுத்துவது அநாகரிகம் என்று நினைப்பான். நாமோ மூன்று தடவை 'வேண்டாம்' சொன்ன பிறகுதான் இலையில் உட்காருவோம். இரண்டுக்கும் நடுவில் விழுந்து நசுங்கிப்போனான் பையன்.

அம்மா என்ன கேட்பார்? 'சாப்ட்டியா? என்ன சாப்ட்டே? குளிருதா? ஸ்வெட்டர் போட்டிருக்கியா? ரூம்ல யாரு சத்தம்?' தினமும் நாற்பது நிமிடம். பாசம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஒரு வருடப் படிப்பில் செப்டம்பர் கடைசி முதல் டிசம்பர் பாதி வரைதான் புது மனிதர்களோடு ஒட்டிக்கொள்ளும் பருவம். அதற்குள் அவரவர்க்கு ஒரு கூட்டம் அமைந்துவிடும். அந்த இரண்டரை மாதத்துச் சாயங்காலங்களை ஸ்வெட்டர் விசாரணையில் கரைத்தோம்.

'வெளிநாட்டுக்குப் போனா பசங்க கெட்டுடுவாங்க' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து ஒரு பையன் லண்டனுக்குக் கப்பல் ஏறினான். இன்னும் 19 வயது நிரம்பவில்லை. ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அனுப்பினார்கள். பெயரைச் சொல்லத் தேவையில்லை.

லண்டன் போன புதிதில் ராத்திரியெல்லாம் வீட்டை நினைத்து அழுததாக அவரே எழுதியிருக்கிறார். ஆனால் அறைக்குள்ளேயே அழுதுகொண்டு கிடக்கவில்லை. சைவ ஓட்டல் தேடி ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மைல் நடந்தார். கடைசியில் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று அகப்பட்டது. அங்கே சாப்பாட்டோடு ஹென்றி சால்ட் எழுதிய சைவ உணவுப் புத்தகமும் கிடைத்தது. புத்தகத்தின் வழியாக நண்பர்கள் கிடைத்தார்கள். சைவ உணவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். தான் குடியிருந்த பேஸ்வாட்டரில் ஒரு சைவ கிளப்பே தொடங்கி, டாக்டர் ஓல்டுஃபீல்டைத் தலைவராக்கி, எட்வின் ஆர்னால்டைத் துணைத் தலைவராக்கி, தான் செயலாளராக இருந்தார். நடுவில் டான்ஸ் கிளாஸ் போனார், வயலின் வாங்கினார். இரண்டும் வரவில்லை என்று விட்டுவிட்டார். அதனால் குடி முழுகிப் போகவில்லை.

இதைவிட ஒன்று. பகவத் கீதையை அவர் முதன்முதலாகப் படித்தது ராஜ்கோட்டில் இல்லை, லண்டனில். 'எங்களோடு சேர்ந்து படிக்கிறாயா?' என்று கேட்டவர்கள் இரண்டு ஆங்கிலேயர்கள். கேட்டபோது தனக்கு அது தெரியாதே என்று வெட்கப்பட்டதாக எழுதுகிறார். அன்றைக்குச் சாயங்காலம் அவருக்கு அம்மாவின் வீடியோ கால் வந்திருந்தால்?

'சார், அவர் மகாத்மா. எங்க பையன் சாதாரணமானவன்' என்பீர்கள். 1888இல் அவரும் சாதாரணப் பையன்தான். நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கூச்ச சுபாவம். சங்கக் கூட்டத்தில் எழுதி வைத்ததைக்கூடப் படிக்க முடியாமல் வேறொருவரைப் படிக்கச் சொன்னவர். நம் பையன்களின் கூச்சம் அதைவிடப் பெரிசா?

குடி பற்றிய பயத்துக்கும் அவரிடமே பதில் இருக்கிறது. பாரிஸ்டர் ஆக வேண்டுமானால் இத்தனை விருந்துகளில் உட்கார வேண்டும் என்று அந்தக் காலத்து விதி. மேஜையில் நாலு பேருக்கு இரண்டு பாட்டில் ஒயின். இவர் குடிக்கமாட்டார். ஆக, மூன்று பேருக்கு இரண்டு பாட்டில்! அதனால் எந்த மேஜையிலும் காந்திக்குத்தான் கிராக்கி. 'எங்க கூட உட்காரு, எங்க கூட உட்காரு' என்று இழுப்பார்களாம். குடிக்காதவன் குடிப்பவர்களோடு உட்கார முடியாது என்று யார் சொன்னது?

'பப்' என்ற வார்த்தையைக் கேட்டதும் நம் வீடுகளில் ஏன் இவ்வளவு நடுக்கம் என்று எனக்குத் தெரியும். 2003இல் அரசாங்கமே சில்லறை சாராய வியாபாரத்தைக் கையில் எடுத்த பிறகு, டாஸ்மாக் வாசலைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. குடிக்கும் இடம் என்றால் ஊறுகாய் பாக்கெட்டும் பிளாஸ்டிக் டம்ளரும் சாக்கடை ஓரமும்தான் ஞாபகம் வரும். இங்கிலாந்தில் பப் என்பது பெரும்பாலும் நம் ஊர் டீக்கடை பெஞ்சும் திண்ணையும் சேர்ந்த ஒரு சமாச்சாரம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவார்கள். நாய் காலடியில் படுத்திருக்கும். வாரத்தில் ஒரு நாள் வினாடி வினா நடக்கும். ஆரஞ்சு ஜூஸ் கேட்டால் ஆரஞ்சு ஜூஸ் கொடுப்பார்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். அங்கே ஒரே ஒரு சிக்கல் 'ரவுண்டு'. ஒருவர் எல்லாருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர். கையில் காசில்லாத பையன் இதற்குப் பயந்தே போகாமல் இருந்துவிடுவான். 'நான் எனக்கு மட்டும் வாங்கிக்கிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது. இதைச் சொல்லி அனுப்ப நம்மில் யாருக்காவது தோன்றியதா? 'பப்புக்குப் போகாதே' என்பதோடு நம் உபதேசம் முடிந்துபோகிறது.

அங்கே குடித்துக் கவிழ்கிற மாணவர்களும் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி எந்த ஊர்க் கடைத்தெருவிலும் பார்க்கலாம். நம் பையன்கள் சிலரும் அதில் உண்டு. ஆனால் அப்படிக் கவிழ்கிறவன் பெரும்பாலும் சேர்க்கையால் கெட்டவன் என்று எனக்குத் தோன்றவில்லை. சனிக்கிழமை ராத்திரி ரூமுக்குள் தனியாக உட்கார்ந்து பாட்டிலைத் திறக்கிற பையனைப் பற்றித்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அவனை யாரும் ஃபோட்டோ எடுக்க மாட்டார்கள், ஊருக்குச் சேதியும் வராது.

அடுத்த குற்றவாளி, பணத்தை வாங்கிக்கொண்ட பல்கலைக்கழகம். இந்த ஒரு விஷயத்தில் நம் பெற்றோர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் உள்ளூர் இளங்கலை மாணவனிடம் வருடத்துக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 முதல் 9,250 பவுண்டு, 2025இல் 9,535. வெளிநாட்டு மாணவனுக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. எனவே பல பல்கலைக்கழகங்களின் அடுப்பு எரிவதே நம்மைப் போன்றவர்களின் பி.எஃப். பணத்தில். கையேட்டைப் பாருங்கள். புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரப் பெண், ஒரு ஆப்பிரிக்கப் பையன், ஒரு சீனப் பெண், நடுவில் நம்ம பையன், நாலு பேரும் எதற்கோ சிரிப்பார்கள். நண்பர் மகன் வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் ஹைதராபாத், ராஜ்கோட், கோயம்புத்தூர், லாகோஸ். உள்ளூர்க்காரர்கள் மூன்றே பேர். இங்கிலாந்துக்குப் பணம் கட்டி அமீர்பேட்டைக்கு வந்துவிட்டோமா என்று சந்தேகம் வந்ததாகச் சொன்னான்.

பையன் வகுப்புக்கு வருகிறானா என்று மட்டும் துல்லியமாகக் கணக்கு வைத்திருப்பார்கள். அக்கறையாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். விசா கொடுத்த உள்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அவன் மூன்று மாதமாக யாரோடும் பத்து நிமிடம் பேசவில்லை என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை. 2018 ஜனவரியில் தனிமைப் பிரச்னையைக் கவனிக்கவே ஒரு மந்திரியை நியமித்த நாடு அது! அதே நாடுதான் 2024 ஜனவரி முதல், பாட வகுப்பாக நடக்கும் முதுகலைப் படிப்புக்கு வருகிற மாணவன் மனைவி, குழந்தையைக் கூட்டி வரக்கூடாது என்றும் சட்டம் போட்டது. குடியேற்றத்தைக் குறைக்க வேண்டும் என்கிற அரசியல் எனக்குப் புரிகிறது. கட்டணத்தை மட்டும் குறைக்கவில்லையே?

புதன்கிழமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பல பல்கலைக்கழகங்களில் புதன் மத்தியானம் வகுப்பு வைக்க மாட்டார்கள். விளையாட்டுக்காக ஒதுக்கிய நேரம். கால்பந்து, ஹாக்கி, படகு, பூப்பந்து என்று சங்கம் சங்கமாக மாணவர்கள் கிளம்புவார்கள். விளையாடத் தெரியாதவர்களுக்கு நாடகம், சதுரங்கம், மலையேற்றம், சமையல், விவாதம் என்று நூறு சங்கம். நம் பையன்களுக்குப் புதன் மத்தியானம் என்ன தெரியுமா? ஷிஃப்ட். வகுப்பு இல்லாத நேரமாயிற்றே, நாலு மணி நேரம் வேலை பார்த்தால் வாரச் சாப்பாட்டுச் செலவு வந்துவிடுமே! கடனுக்கு மாதம் வட்டி ஓடுகிறபோது பூப்பந்தா விளையாடச் சொல்கிறீர்கள் என்று நண்பர் என்னிடம் சீறினார். நியாயம். அந்தச் சீற்றத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று கேட்டேன். ஊரில் எல்லாருக்கும் சொல்லிக்கொள்ள ஒரு லண்டன் பட்டம் வேண்டும் என்பதற்காக, சமாளிக்க முடியாத கடனை வாங்கி, இருபத்திரண்டு வயதுப் பையன் தலையில் ஏற்றி அனுப்பியது யார்? நண்பர் தண்ணீர் குடித்தார்.

மூன்றாவது குற்றவாளி பையன்களேதான். விமான நிலையத்தில் இறங்கும்போதே வாட்ஸ்அப் குழு தயார். ஆறு பேர் சேர்ந்து ஒரு வீடு. ஆறு பேரும் தமிழ். ஒரே குக்கர், ஒரே புளிக்குழம்பு. வாடகை மிச்சம், சமையல் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் உண்டு. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அந்த வீட்டுக்குள் நுழைந்தால் இங்கிலாந்து என்பதற்கு ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது. இதிலும் ஒரு கேவலம் உண்டு. 'மச்சான், சொந்த ஊர் எது? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்? குலதெய்வம் எது?' என்று சுற்றி வளைத்து விசாரித்து, ஆறு பேரில் யாருக்கு யாரோடு அறை என்று தீர்மானிக்கிறார்கள். ஐயாயிரம் மைல் தாண்டிப் போயும் பையில் அதைத்தான் பத்திரமாக எடுத்துப் போயிருக்கிறார்கள். 'யாரோடயும் சேர மாட்டான்' என்பதன் உள்ளர்த்தம் சில சமயம் இதுவாகவும் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சான்றிதழைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது.

பெண்பிள்ளைகள் கதை வேறு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், ஷெஃபீல்டில் படித்தவள், மலை நடைச் சங்கத்தில் சேர்ந்தாள். பக்கத்திலேயே பீக் டிஸ்ட்ரிக்ட். ஞாயிற்றுக்கிழமை பதினைந்து பேராகப் போய்க் குன்றின் மேல் மழையில் நனைந்துகொண்டு சாண்ட்விச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஃபோட்டோ இன்ஸ்டாகிராமில் வந்தது. மறுநாள் காலை திருச்சியிலிருந்து பெரியப்பா ஃபோன். மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'இடது பக்கம் நிக்கிற பையன் யாரு?' அவள் ஃபோட்டோவை எடுத்துவிட்டாள். சங்கத்தை விடவில்லை, ஃபோட்டோ போடுவதை விட்டாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் ஒரு சாண்ட்விச் சாப்பிடுவதற்கு இவ்வளவு தலைமறைவு வாழ்க்கை தேவையா?

'நீங்கள் சொல்வது எல்லாம் சரி, அவன் நம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமே?' என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நிற வெறி அங்கே இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வருவதும், தெருவில் காரிலிருந்து கத்திவிட்டுப் போவதும் நண்பர் மகனுக்கும் நேர்ந்திருக்கின்றன. 2024 ஜூலை கடைசியில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொலையான பிறகு, கொன்றவன் அகதியாக வந்தவன் என்று பொய் வதந்தி கிளம்பி, ஒரு வாரம் ஊர் ஊராகக் கலவரம். நம் பிள்ளைகள் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தார்கள். அந்த வாரம் இங்கே எத்தனை அம்மாக்கள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் பத்தரை மணிக்கு என்ன, மணிக்கொரு தடவை ஃபோன் பண்ணியிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆகஸ்ட் 7ஆம் தேதி லண்டனின் வால்தம்ஸ்டோவில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கி, கலவரக்காரர்களுக்கு இங்கே இடமில்லை என்று நின்றார்கள். உடைந்த கண்ணாடியைப் பெருக்க விடிகாலையில் துடைப்பத்தோடு வந்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். பூட்டிய அறையில் இருந்தவனுக்குக் கத்தினவனின் குரல் மட்டும் கேட்டது. துடைப்பத்தோடு வந்தவன் யாரென்று தெரிய வேண்டுமானால் அதற்கு முன்பே அவனோடு ஒரு வாய் டீ குடித்திருக்க வேண்டும். ஆபத்து வருகிற இடத்தில்தான் உள்ளூர்ச் சிநேகிதம் அதிகம் தேவை.

இந்த இடத்தில் எனக்கு நம் ராமானுஜன் ஞாபகம் வருகிறார். 1914 ஏப்ரலில் போய், கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டவர். கணக்கில் ஹார்டி என்ற மாபெரும் துணை இருந்தது. ஆனால் ஹார்டிக்கு அவருடைய கணக்கு தெரிந்த அளவுக்கு அவருடைய சாப்பாடும் தூக்கமும் தெரிந்திருக்கவில்லை. ஒருநாள் அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் அறைக்கு வந்து, 'ராத்திரி குளிருக்கு என்ன செய்கிறாய்?' என்று விசாரித்தார். ராமானுஜன் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி படுப்பதாகச் சொன்னார். கட்டிலில் கம்பளிகள் இருந்தன. நாலு பக்கமும் மடித்துச் செருகி வைத்திருந்தார்கள். அதை இழுத்துவிட்டு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மேலேயே படுத்திருக்கிறார். உலகத்துக் கணிதமேதைகளில் ஒருவர், போர்வைக்கு மேலே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார்! அறைக்குள் வந்து பார்க்கும் அளவுக்கு ஒரு சிநேகிதன் வாய்த்ததால் அந்தக் குளிர் தீர்ந்தது. மற்றவை தீரவில்லை. 1918இல் லண்டன் பாதாள ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் குதித்தார், அதிர்ஷ்டவசமாகப் பிழைத்தார். மனைவி ஜானகி எழுதிய கடிதங்களை மாமியார் போகவிடாமல் தடுத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கும்பகோணத்து வீட்டுச் சண்டை கேம்பிரிட்ஜ் அறை வரைக்கும் வந்த கதை அது.

சரி, டெர்பி தாத்தாவுக்கு வருவோம். பையன் அவருக்குச் சளி பிடித்தபோது ஃபிளாஸ்கில் ரசம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். நிறுவன விதிப்படி அது தப்பாம். தாத்தா குடித்துவிட்டு, இருமி, கண்ணீர் விட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாராம். ஒருநாள் சொல்லியிருக்கிறார்: 'ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் மேட்ச் இருக்கிறது. ஃபோனில் நேரம் பதியாமல் வாயேன். வேலைக்கு இல்லை, சும்மா.' ஆங்கிலேயன் 'ஒருநாள் வீட்டுக்கு வாங்க' என்று பொதுவாகச் சொன்னால் நம்ப வேண்டியதில்லை, அது நம்ம ஊர் 'அப்புறம் பார்க்கலாம்' மாதிரி. கிழமை சொல்லிக் கூப்பிட்டால் அது நிஜ அழைப்பு. பையனுக்கு அது தெரியவில்லை. 'ட்ரை பண்றேன்' என்றிருக்கிறான். அந்த ஞாயிறு வீட்டில் உறவினர் கல்யாணம், வீடியோ காலில் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். அடுத்த ஞாயிறு ஷிஃப்ட். அதற்கடுத்த வாரம் அவனுடைய செல்ஃபோன் பட்டியலில் அந்த வீடு இல்லை. 'ரத்து' என்று மட்டும் போட்டிருந்தது. காரணம் கேட்டுப் பத்து நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டான்.

'இறுதிச் சடங்குக்குப் போனியா?'

'எங்க நடந்துதுன்னு கேக்கறதுக்கு யாரைத் தெரியும் அங்கிள்?'

அதற்குள் அம்மா காபியோடு வந்துவிட்டார். அவருக்கு இப்போது வேறு கவலை. சின்னவளுக்கு வருகிற செப்டம்பரில் லீட்ஸில் இடம் கிடைத்திருக்கிறதாம். 'நீங்க நாலும் தெரிஞ்சவர். அவளுக்கு என்ன புத்தி சொல்லி அனுப்பறதுன்னு சொல்லுங்க' என்றார்.

'அவளுக்கு ஒண்ணும் வேண்டாம்மா. நீங்க பத்தரை மணிக்கு ஃபோன் பண்ணாம இருந்தா போதும்.'

பையன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். அம்மா காபி டபராவை வைத்துவிட்டு, நான் ஏதோ புரியாத பாஷையில் பேசிவிட்டதுபோல் நின்றார்.

'அப்போ எத்தனை மணிக்குப் பண்றது?' என்றார்.